ஆழமில்லாத கடலில் வழிகாட்டியோடு தூண்டில் பயணம்: எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

வலசை

வணக்கம். நானும் மச்சானும் ஒரு வாரம் வழிகாட்டியோடு கடல் தூண்டிலுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். ஆழ்கடல் வேண்டாம். முழங்கால் அளவு, இடுப்பளவு தண்ணீரில் மீனைக் கண்ணால் பார்த்து, அதன் முன்னால் வீசுகிற வகைதான் ஆசை. நான் சில வருடங்களாக ஏரியில் ஃபிளை ராடு (இறகும் நூலும் கட்டிய லேசான பொய்ப்பூச்சியை, அதாவது ஃபிளையை, வீசும் கோல்) பழகியவன். மச்சானுக்கு ஸ்பின்னிங் (சுருளி பூட்டிய கோலில் இரையை வீசும் வழக்கமான முறை) மட்டும்தான் தெரியும்.

விடுமுறை பிப்ரவரியில் ஒரு வாரம் அல்லது மே மாதத்தில் ஒரு வாரம், இரண்டில் ஒன்றுதான். பட்டியலில் இருப்பவை: அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகள், பஹாமாஸில் ஆண்ட்ரோஸ், மத்திய அமெரிக்காவின் பெலீஸ், மெக்சிகோவின் யூக்கடான் கரை, அமெரிக்காவின் லூசியானா. படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. எல்லா இடமும் உலகிலேயே சிறந்த இடமாம்.

எனக்கு டார்பன் என்ற பெரிய மீன் மேல் ஒரு கண். மச்சானுக்கு எது கடித்தாலும் சரி, நாள் முழுக்கச் சும்மா நிற்கக் கூடாது. எங்கே போகலாம்?

ஆழிமகன்

டார்பன் என்று சொல்லிவிட்டீர்கள், அப்புறம் என்ன யோசனை? மே மாதம், கீஸ்.

தண்ணீர் 24 டிகிரியைத் தாண்டியதும் பெரிய டார்பன்கள் கடல் பக்கத் திட்டுகளை (ஆழமில்லாத கடல் பரப்புகளை) ஒட்டி நகரத் தொடங்கும். ஏப்ரலில் ஆரம்பித்து மே, ஜூனில் உச்சத்துக்கு வரும். நாற்பது, ஐம்பது கிலோ மீன்கள் இடுப்பளவு தண்ணீரில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். டார்பன் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கும் மீன். விடிகாலையில் கடல் அசையாமல் இருக்கும்போது அது புரண்டு உள்ளே போவதைப் பார்த்தால் வழிகாட்டிக்கு முன்னால் நீங்களே கை நீட்டிக் காட்டிவிடுவீர்கள்.

மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, மாலை நீர் வற்றும் நேரத்தில் பாலோலோ புழுக்கள் கடலடிப் பாறையிலிருந்து கிளம்பி மேலே வரும். விரல் நீளம்கூட இல்லாத அந்தப் புழுவை அவ்வளவு பெரிய மீன்கள் போட்டி போட்டுத் தின்னும். மச்சானும் சும்மா நிற்க வேண்டாம். பாலங்களுக்கு அடியில் உயிர் நண்டு போட்டு ஸ்பின்னிங்கில் டார்பன் பிடிப்பது அங்கே காலம் காலமாக நடப்பதுதான்.

ஒரே சிக்கல், கீஸில் நல்ல வழிகாட்டிகளின் மே மாத நாட்கள் ஒரு வருடம் முன்பே போய்விடும். பலர் பழைய வாடிக்கையாளருக்கே அதே வாரத்தை ஒதுக்கிவைப்பார்கள். இன்றைக்கே கேட்க ஆரம்பியுங்கள்.

கண்டல்காடு

வலசை தம்பி, ஆழிமகன் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் முதல் பயணத்துக்கு இடம் தேடும்போது நான் வேறு மாதிரி யோசிப்பேன்.

ஒவ்வோர் இடத்தின் நல்ல நாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் முடிவே கிடைக்காது. வெயிலும் காற்றில்லாத கடலும் சேர்ந்த நாளில் உங்கள் பட்டியலில் இருக்கிற ஐந்து இடமும் அருமைதான். கெட்ட நாளை ஒப்பிடுங்கள். வானம் மூடி, இருபது நாட் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) வேகத்தில் காற்று அடிக்கிற காலையில் அந்த ஊர் வழிகாட்டி படகை எங்கே திருப்புவார்? இதற்கு நல்ல பதில் இருக்கிற இடத்துக்குப் போங்கள். வாரத்தில் ஆறு நாள் மீன்பிடித்தால் இரண்டு நாளாவது அப்படி அமையும் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுவதுதான் நல்லது.

பார்த்து வீசும் தூண்டிலுக்கு வெயில் வேண்டும். மேகம் வந்தால் தண்ணீர் மேல் வெள்ளைப் பூச்சு பூசியது போல் ஆகிவிடும், போலராய்டு கண்ணாடி போட்டாலும் அடி தெரியாது. காற்று கூடினால் அலை கலங்கி, இருபதடியில் இருக்கிற மீன்கூடக் கண்ணில் படாது. மீன் அங்கேதான் இருக்கும், உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதனால் காற்றுக்கு மறைவாக இன்னொரு தண்ணீர் இருக்கிற இடம் வேண்டும். அலையாத்திக் காட்டு ஓடைகள், உள் களப்பு, தீவின் மறுபக்கம், எதுவானாலும் சரி.

இந்தக் கண்ணோடு வரைபடத்தைப் பாருங்கள். கீஸுக்குப் பின்னால் ஃபுளோரிடா வளைகுடா, அதற்கும் பின்னால் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம். கடல் பக்கம் கொந்தளித்தாலும் அங்கே இருக்கிற ஓடைகளில் ஸ்னூக், ரெட்ஃபிஷ், குட்டி டார்பன் போன்ற மீன்கள் கிடைக்கும். ஆண்ட்ரோஸ் பஹாமாஸிலேயே பெரிய தீவு. வடக்கு, நடு, தெற்கு என்று மூன்று நீர்வழிகள் தீவைக் குறுக்காக வெட்டிப் போகின்றன, உள்ளே எண்ண முடியாத ஓடைகள். எந்தத் திசையில் காற்று அடித்தாலும் ஒரு மறைவு கிடைக்கும். யூக்கடானின் தென்கோடியில், பெலீஸ் எல்லைக்குப் பக்கத்தில் இஷ்கலாக் என்று ஒரு சின்ன ஊர். முன்னால் பவளப்பாறையும் திறந்த கடலும், பின்னால் செட்டுமால் வளைகுடா. இரண்டையும் சரகோசா கால்வாய் இணைக்கிறது. கிழக்குக் காற்று அடித்தால் பின்பக்கம் போய்விடலாம்.

தனியாகக் கடலுக்கு நடுவே நிற்கிற பவளத்தீவுகளுக்கு இந்த வசதி குறைவு. படத்தில் பார்க்க அவைதான் அழகு. ஆனால் நாலு நாள் விடாமல் காற்றடித்தால் அங்கே போக்கிடம் அதிகம் இல்லை.

பிப்ரவரியா, மே மாதமா? யோசிக்கவே வேண்டாம், மே. பிப்ரவரியில் வட அமெரிக்காவிலிருந்து வாடை இறங்கும். கீஸும் வட பஹாமாஸும் அந்த வழியிலேயே இருக்கின்றன. இந்தத் திட்டுகளில் மேயும் போன்ஃபிஷ் மீனுக்கு 21 முதல் 28 டிகிரி வரை தண்ணீர் பிடிக்கும். அதற்குக் கீழே போனால் திட்டை விட்டு ஆழத்துக்கு இறங்கிவிடும். ஒரே இரவில் அப்படி ஆகும். 2010 ஜனவரிக் குளிரில் தெற்கு ஃபுளோரிடாவில் ஸ்னூக், டார்பன், போன்ஃபிஷ் என்று ஏராளமான மீன்கள் செத்து மிதந்தன. 2021 பிப்ரவரிக் குளிரில் டெக்ஸஸ் கரையில் செத்தவை மட்டும் 38 லட்சம் என்று அந்த மாநிலத் துறை கணக்குச் சொன்னது. தெற்கே போகப் போக வாடையின் வலு குறையும், பெலீஸ் வரை போனால் தாக்கம் கம்மி. ஆனாலும் மே கையில் இருக்கும்போது எதற்கு? ஜூன் 1-இல் தொடங்குகிற புயல் காலத்துக்கும் முன்னால் முடிந்துவிடும்.

உப்பளம்

பட்டியலில் லூசியானாவுக்காகப் பேச ஆளில்லை போல. நான் பேசுகிறேன்.

முதல் முறை உப்புத் தண்ணீரில் ஃபிளை வீசுகிறவருக்கு ரெட்ஃபிஷ் மாதிரி நல்ல மீன் கிடையாது. முப்பது அடி வீசினால் போதும். சதுப்பில் மெதுவாக மேய்ந்துகொண்டே வரும், மூக்குக்கு முன்னால் ஃபிளை விழுந்தால் எடுக்கும். போன்ஃபிஷ் மாதிரி நிழல் பட்டதும் ஓடாது. வாலை வெளியே நீட்டிக்கொண்டு நண்டு தேடும்போது அந்தக் கறுப்புப் பொட்டு தெளிவாகத் தெரியும்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். லூசியானாவின் சிறந்த காலம் அக்டோபர் முதல் ஜனவரி வரை. அப்போதுதான் வளைகுடாவிலிருந்து பெரிய ரெட்ஃபிஷ் சதுப்புக்குள் வரும், தண்ணீரும் தெளியும். அப்போதும் வாடை பலமாக அடித்தால் சதுப்பிலிருக்கிற தண்ணீரை அப்படியே கடலுக்குத் தள்ளிவிடும், படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். அந்தப் பக்கம் நிலவைவிடக் காற்றுதான் நீர்மட்டத்தை ஆள்கிறது. உங்கள் இரண்டு மாதத்துக்கும் இது பொருந்தாது. இன்னொரு வருடத்துக்கு மனதில் வையுங்கள்.

ஆழிமகன்

கண்டல்காடு அண்ணா, கெட்ட நாளுக்காக இடம் தேர்ந்தெடுத்தால் நல்ல நாளும் நடுத்தரமாகத்தான் போகும். மனிதர் டார்பன் பார்க்கப் போகிறார். ஓடைக்குள் ஐந்து கிலோ குட்டி டார்பனைப் பிடித்துவிட்டு வருவதற்கா இவ்வளவு தூரம்?

கண்டல்காடு

ஆழிமகன், இரண்டாவது மூன்றாவது தடவை போகிறவர் என்றால் உங்கள் பக்கம்தான் நிற்பேன். முதல் தடவை போகிறவருக்கு வீச்சு எண்ணிக்கை முக்கியம். கடல் பக்க டார்பன் நாள் முழுக்க நின்றால் சில வாய்ப்புகள்தான் தரும். அதிலும் முதல் இரண்டு மூன்றைப் பதற்றத்திலேயே விட்டுவிடுவார்கள், எல்லாருக்கும் நடப்பதுதான். குட்டி டார்பன் ஓடையில் ஒரு காலைப்பொழுதிலேயே திரும்பத் திரும்ப வாய்ப்பு வரும். வாயில் முள்ளைப் பதிப்பது எப்படி, மீன் குதிக்கும்போது கோலைத் தாழ்த்தித் தூண்டில் நரம்பைத் தளர்த்துவது எப்படி என்று கை தானாகக் கற்றுக்கொள்ளும். அதற்கப்புறம் ஐம்பது கிலோ மீன் வந்தால் தயாராக இருக்கலாம்.

கெட்ட நாள் என்று நான் சொல்வது எப்படி இருக்கும் என்று ஒரு முறை விவரிக்கிறேன். காற்று அடிக்கிறது, வெளித்திட்டு வெறும் நுரை. வழிகாட்டி படகை அலையாத்தி ஓடையின் வாய்க்கு உள்ளே கொண்டுபோய் இன்ஜினை நிறுத்துகிறார். பின்னால் மேடையில் ஏறி நீண்ட கழியை ஊன்றுகிறார், சத்தமே இல்லை. ஓடை வாயில் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது. வேர்களுக்கு இடையில் ஒளிந்திருந்த சிறு மீனும் இறாலும் வேறு வழியில்லாமல் வெளியே இழுபட்டு வருகின்றன. நிழலும் வெளிச்சமும் சேரும் கோட்டில் ஒரு ஸ்னூக், மூக்கை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, செவுள் மட்டும் அசைய நிற்கிறது. 'பதினொரு மணி, முப்பது அடி, வேருக்கு ஓரமா' என்று மெதுவாகச் சொல்கிறார். படகின் மூக்குதான் பன்னிரண்டு மணி. வெயில் தேவையில்லை, நீள வீச்சும் தேவையில்லை. இப்படி ஒரு காலையைத் தரக்கூடிய ஊரா, இல்லை அறையில் உட்கார்ந்து சீட்டாட வைக்கிற ஊரா என்பதுதான் என் கேள்வி.

நீலச்சீலா

நான் வழக்கமாக ஸ்பின்னிங் ஆள், அதனால் மச்சானுக்காக ஒன்று. போகிற இடத்தின் வழிகாட்டிக்கு ஸ்பின்னிங்கில் ஆர்வம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். சில இடங்களில் ஃபிளை மட்டும்தான் எடுப்பார்கள். படகின் மூக்கில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் நிற்க முடியும், மற்றவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முறை எப்படி மாறுவது என்று உங்களுக்குள் முன்னாலேயே பேசி வையுங்கள். மீனுக்கு ஒரு முறையா, அரை மணிக்கு ஒரு முறையா என்று. இதில்தான் மனத்தாங்கல் வரும், அதுவும் மச்சான் உறவில்!

வலசைக்கு: ஏரிப் பழக்கத்தில் மீன் எடுத்ததும் கோலை மேலே தூக்குவீர்கள். உப்புத் தண்ணீரில் அப்படிச் செய்தால் ஃபிளை மீன் வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். கோல் மீனை நோக்கியே இருக்கட்டும், இடக்கையால் நரம்பை நீளமாக ஒரே இழுப்பு. இதை மட்டும் தினமும் பழகுங்கள். அதோடு நாற்பது அடியை, கோலை முன்னும் பின்னும் இரண்டே முறை ஆட்டி, எதிர்க்காற்றில் வீசவும் பழகுங்கள். எழுபது அடி வீசத் தெரிந்தவரைவிட, சொன்ன இடத்தில் நாற்பது அடியைச் சட்டென்று வைக்கத் தெரிந்தவருக்குத்தான் மீன் கிடைக்கும்.

வலசை

எல்லாருக்கும் மிக்க நன்றி. மே மாதம் என்று முடிவு செய்துவிட்டோம். கண்டல்காடு அண்ணா, பெலீஸைப் பற்றி நீங்கள் அதிகம் சொல்லவில்லையே? அப்புறம் வழிகாட்டியிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

கண்டல்காடு

பெலீஸ் நல்ல இடம்.  மீன் என்னவோ அதே மீன்தான். கரைக்கு முன்னால் நீளமான பவளத்திட்டு அலையை உடைத்துவிடுவதால் உள்ளே படகு ஓட்ட வசதி. தெற்குப் பகுதி பெர்மிட் என்ற மீனுக்குப் பெயர் போனது. ஆனால் பெர்மிட் பாரை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது, கண் கூர்மை, சந்தேகப் பிராணி. ஃபிளையைப் பின்தொடர்ந்து வந்து, கிட்டே நின்று பார்த்து, திரும்பிப் போய்விடும். நாள் முழுக்கச் சும்மா நிற்கக் கூடாது என்கிற மச்சானை அதற்குக் கூட்டிப் போகாதீர்கள்.

நீரேற்றமும் கவனிக்க வேண்டியது. பஹாமாஸில் நீர் ஏறி இறங்குவது சுமார் மூன்று அடி. அதனால் ஒரே திட்டு காலையில் காய்ந்து கிடக்கும், மதியம் மீன் நிறைந்திருக்கும், மீன் வரும் நேரத்தைக் கணிக்கலாம். பெலீஸிலும் யூக்கடானிலும் ஓர் அடிதான் இருக்கும். மீன் நாள் முழுக்க எங்காவது மேயும், ஆனால் தேடிப் போக வேண்டும். அதனால் இங்கே வழிகாட்டியின் அனுபவத்துக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது.

அவரிடம் கேட்க வேண்டியதில் முதல் கேள்வியைத்தான் சொல்லிவிட்டேனே: தென்கிழக்கிலிருந்து இருபது நாட் காற்று அடித்தால் எங்கே போவோம், அங்கே என்ன மீன்? இடத்தின் பெயரையும் மீனின் பெயரையும் சொல்லிப் பதில் வந்தால் அவர் தினமும் தண்ணீரில் இருக்கிறவர். அப்புறம் வாரம் முழுக்க அவரே வருவாரா, நாளுக்கொருவர் மாறுவார்களா என்று கேளுங்கள். தங்கும் விடுதி வழியாகப் போனால் பெரும்பாலும் மாறுவார்கள். அதில் நன்மையும் உண்டு, ஒருவரோடு ஒத்துப்போகாவிட்டால் அடுத்த நாள் சரியாகிவிடும். ஆனால் முதல் நாள் உங்கள் வீச்சைப் பார்த்தவர் ஐந்தாம் நாளும் இருந்தால் நீங்கள் கற்றுக்கொள்வது அதிகம். வானிலை மோசம் என்று நாளை ரத்து செய்யும் முடிவு யாருடையது, முன்பணம் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் கூட்டிப் போகிற வழிகாட்டி என்றால் பூங்கா அனுமதி இருக்க வேண்டும், அதையும் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

கரைவலை

இடம் பார்க்கும்போது விதிகளையும் பாருங்கள். ஃபுளோரிடாவில் 2013 முதல் டார்பனையும் போன்ஃபிஷையும் பிடித்தாலும் திரும்பக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். 40 அங்குலத்துக்கு மேற்பட்ட டார்பனைத் தண்ணீரை விட்டுத் தூக்கவே கூடாது, படத்துக்காகக்கூட. பெலீஸில் போன்ஃபிஷ், டார்பன், பெர்மிட் மூன்றும் 2009 முதல் அப்படித்தான். தூண்டில் உரிமமும் தனியாக வாங்க வேண்டும். யூக்கடானின் சியான் கான் காப்பகம் 1986-இல் அறிவிக்கப்பட்டது. அசென்சன் வளைகுடா அதற்குள்தான் வருகிறது. இந்தத் திட்டுகளில் இன்றைக்கும் இவ்வளவு மீன் இருப்பதற்கு இந்த விதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

போன்ஃபிஷைக் காற்றில் அதிக நேரம் பிடித்துவைத்தால், விட்ட பிறகு நிலை தடுமாறிச் சுறாவுக்கும் சீலாவுக்கும் இரையாகிவிடும், ஆய்வுகளே பதிவு செய்திருக்கின்றன. முள்ளின் எதிர்முனையை நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். கீஸ் பாலங்களுக்கு அடியில் சுத்தித்தலைச் சுறா சுற்றினால் நல்ல வழிகாட்டி நரம்பை இறுக்கி மீனை வேண்டுமென்றே விடுவித்துவிடுவார். அப்படிச் செய்கிறவரா என்று கேட்டுப் பாருங்கள், அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

வலசை

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்று இடங்களுக்கு அந்தக் காற்றுக் கேள்வியை அனுப்பினேன்.

ஓர் இடத்திலிருந்து 'இங்கே மே மாதம் எப்போதும் வெயில்தான், கவலை வேண்டாம்' என்று ஒரு வரி. ஆண்ட்ரோஸிலிருந்து நல்ல பதில். எந்தக் காற்றுக்கு எந்த நீர்வழி என்று எழுதியிருந்தார்கள், ஆனால் நாங்கள் கேட்ட வாரம் நிரம்பிவிட்டது. இஷ்கலாக்கிலிருந்து ஒரு வழிகாட்டி கையால் வரைந்த படத்தையே அனுப்பினார். கிழக்கு, தென்கிழக்குக் காற்றுக்கு வளைகுடாவின் எந்தக் கரை, வாடை வந்தால் எந்தக் களப்பு, ஒவ்வொன்றிலும் என்ன மீன் என்று. மே மாதத்தில் கடற்பாசி கடல் பக்கக் கரையில் ஒதுங்கும், சில நாள் அந்தப் பக்கம் போக முடியாது என்பதையும் அவரே சொன்னார். ஸ்பின்னிங் பிரச்சினை இல்லையாம்.

அங்கேதான் போகிறோம். கான்கூனில் இறங்கி ஐந்து மணி நேரத்துக்கு மேல் காரில் போக வேண்டும், பரவாயில்லை. ஆழிமகன் அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆழிமகன்

கோபமா? அந்தப் படம் வரைந்தவரோடு நானே போவேன். கடற்பாசியைத் தானாகவே சொன்னார் பாருங்கள், 2011-க்குப் பிறகு கரீபியன் கரை முழுக்க அது பெரிய தலைவலி, மறைக்கிறவர்கள்தான் அதிகம். களப்புகளில் இருக்கிற டார்பன் சின்னதாக இருந்தாலும் குதிக்கும் குதி ஒன்றுதான். கீஸ் எங்கேயும் ஓடிவிடாது. அடுத்த மே மாதத்துக்கு இப்போதே ஒரு வழிகாட்டியிடம் பேசி வையுங்கள்.

வலசை

கட்டாயம். கடைசியாக ஒன்று, என்னென்ன கோல்கள் எடுத்துப் போவது? காலுக்கு என்ன?

கண்டல்காடு

எட்டாம் எண் ஃபிளை கோல் ஒன்று போன்ஃபிஷுக்கு (எண் கூடக் கூடக் கோலின் வலு கூடும்). பத்தாம் எண் ஒன்று களப்பு டார்பன், ஸ்னூக், எதிர்பாராமல் வருகிற பெர்மிட் மூன்றுக்கும். இரண்டும் நாலாக மடங்குகிற கோல்களாக இருந்தால் கைப்பையோடு போய்விடும். வெப்பக் கடலுக்கென்று செய்த ஃபிளை நரம்பு வாங்குங்கள், ஏரி நரம்பு அந்த வெயிலில் இளகிக் கையில் ஒட்டும். மச்சானுக்கு ஏழடி ஸ்பின்னிங் கோல் இரண்டு, லேசானது ஒன்று, நடுத்தரம் ஒன்று. கண்ணாடிக்குச் செம்பு நிறம், மேகமான நாளுக்கு மஞ்சள் கலந்தது.

படகு மூக்கில் வெறுங்காலோடு நில்லுங்கள். வீசுவதற்காகக் காலடியில் சுருட்டிப் போட்ட நரம்பை மிதித்தால் பாதம் உடனே சொல்லிவிடும். இறங்கி நடப்பதற்குத் தடித்த அடிப்பாகமுள்ள காலணி வேண்டும், பவளம் கிழித்துவிடும். காலைத் தூக்கி வைக்காமல் தரையைத் தேய்த்தபடியே நடந்தால் மணலில் புதைந்திருக்கும் திருக்கை முன்னாலேயே விலகிப் போகும். நீங்கள் எந்தக் கையால் வீசுவீர்கள், எவ்வளவு தூரம், மச்சானுக்கு முழங்கால் வலி ஏதாவது உண்டா, இதையெல்லாம் இப்போதே அந்த வழிகாட்டிக்கு எழுதிவிடுங்கள். காற்றுக்கு எந்தப் பக்கமாகப் படகைத் திருப்புவது என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.